டிராக்டரை விடுங்கள், கலப்பையின் அடியைப் பாருங்கள்

பழைய டிராக்டர் கண்காட்சி எதிலும் கூட்டம் எங்கே நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். புது பெயின்ட் அடித்த ஜான் டியரின் இரட்டை சிலிண்டர் சத்தத்தைச் சுற்றி ஒரு வட்டம், சிவப்பு ஃபார்மாலைச் சுற்றி இன்னொரு வட்டம். பின்னால் பூட்டியிருக்கும் கலப்பையை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதைக் கொண்டுவந்து நிறுத்தியவரே பல நேரம் அதன் சட்டத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு, மண்ணில் வேலை செய்யும் பகுதியைத் துருவோடு அப்படியே விட்டிருப்பார். எனக்கு அந்தத் துருப்பிடித்த பகுதியில்தான் கண். பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் அந்தக் கலப்பை எந்த மண்ணுக்காகச் செய்யப்பட்டது, எவ்வளவு வேகத்தில் ஓடியது, அதன் சொந்தக்காரர் கொல்லரிடம் ஒழுங்காகப் போனாரா என்பதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும்.

அமெரிக்காவில் அந்தப் பகுதியை ‘பாட்டம்’ என்பார்கள், இங்கிலாந்தில் ‘பாடி’. இரண்டு பாட்டம் கலப்பை, மூன்று பாட்டம் கலப்பை என்று எண்ணிச் சொல்வது அதை வைத்துத்தான். மண்ணை அடியில் கிடைமட்டமாக அறுப்பது கொழு. அறுத்த மண் பாளத்தைத் தூக்கி, முறுக்கி, பக்கத்துச் சாலில் கவிழ்ப்பது இறக்கை. மண்ணைப் புரட்டும்போது கலப்பை மறுபக்கம் ஒதுங்கப் பார்க்கும் அல்லவா, அந்த விசையை உழாத மண் சுவரில் சாய்ந்து தாங்குவது பக்கத் தகடு. இந்த மூன்றையும் பின்னாலிருந்து பிடித்து வைத்திருக்கும் முரட்டு இரும்புக்கு ‘ஃபிராக்’ என்று பெயர். அவ்வளவுதான், நான்கே பாகம், அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்த நான்கு பாகத்தைச் சரிசெய்ய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பொதுவாக இந்தக் கதையை, டிராக்டர் வந்தது, அதனால் கலப்பை மாறியது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை அது பாதிதான் சரி. டிராக்டர் வந்த பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பாட்டத்தின் வளைவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. குதிரைக்குப் பின்னால் போன அதே பாட்டத்தை இன்னும் கனமான சட்டத்தில் இரண்டு மூன்றாக மாட்டி இழுத்தார்கள், அவ்வளவுதான். உண்மையான மாற்றம் வந்தது வேகத்தாலும் கொல்லரின் கூலியாலும். அதற்கு முன்னால் உலோகத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டிராக்டர் வருவதற்குள் அந்தச் சண்டை முடிந்துபோயிருந்தது.

வளைவைப் பற்றி யோசித்தவர்களில் மிகப் பிரபலமானவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஒருவர். தாமஸ் ஜெஃபர்சன் 1788-ல் பிரான்சின் லொரேன் பகுதியில் பயணம் செய்தபோது, அங்கே உழவர்கள் வைத்திருந்த கலப்பை இறக்கைகளின் அவலட்சணத்தைப் பார்த்து, மிகக் குறைந்த எதிர்ப்பில் மண்ணைப் புரட்டும் இறக்கை எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து பார்த்தார். அவர் கணக்கு எளிமையானது. இறக்கை ஒரே நேரத்தில் இரண்டு ஆப்பு வேலை செய்ய வேண்டும், ஒன்று மண்ணைத் தூக்க, இன்னொன்று பக்கவாட்டில் தள்ள. நேர்கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து உண்டாக்கும் பரப்பில் இரண்டும் நடந்துவிடும். இதில் எனக்குப் பிடித்தது, கோடு போட்டு ரம்பத்தால் அறுத்து வாய்ச்சியால் செதுக்கினால் எந்த ஊர்த் தச்சரும் அச்சு மாறாமல் அதே இறக்கையைச் செய்துவிடலாம் என்பதுதான். அதுவரை ஒவ்வொரு தச்சரும் தன் கைக்கு வந்த வளைவைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று நன்றாக உழும், அடுத்தது உழாது, ஏனென்று யாருக்கும் தெரியாது. ஜெஃபர்சன் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை, 1798-ல் பிரிட்டிஷ் வேளாண் வாரியத்தின் சர் ஜான் சின்க்ளேருக்குக் கடிதமாகவே எழுதி அனுப்பிவிட்டார். அவருக்கு முன்பே ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஸ்மால் கிட்டத்தட்ட இதே திசையில் யோசித்து, வார்ப்பிரும்பு இறக்கை வரைக்கும் போயிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஜனாதிபதி ஆகாததால் பெயர் அவ்வளவு பரவவில்லை.

வளைவு ஒரு பக்கம் இருக்கட்டும், மண் ஒட்டுகிறதே! இதுதான் பெரிய தலைவலி. இறக்கைமேல் மண் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஒட்டினால் கலப்பை புரட்டாது, மண்ணை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மணல் கலந்த, கல் கலந்த நிலம், அங்கே வார்ப்பிரும்பு போதும். சார்லஸ் நியூபோல்ட் 1797-ல் முழுக் கலப்பையையும் ஒரே வார்ப்பாக ஊற்றிக் காப்புரிமை வாங்கினார். இரும்பு மண்ணை விஷமாக்கிவிடும் என்று உழவர்கள் பயந்து ஒதுங்கினார்கள் என்று சொல்வார்கள். ஆனால் அந்தப் பயம் இல்லாவிட்டாலும் அது விற்றிருக்காது என்றே நினைக்கிறேன், கொழு தேய்ந்தால் முழுக் கலப்பையையும் தூக்கிப்போட வேண்டியதை யார் வாங்குவார்கள்? ஜெத்ரோ வுட் 1819-ல் காப்புரிமை பெற்ற கலப்பையில் பாகங்களைத் தனித்தனியாக வார்த்து, தேய்ந்ததை மட்டும் கழற்றி மாட்டும்படி செய்தார். இன்றைக்கும் பாட்டம் என்பது அந்த ஏற்பாடுதான்.

இல்லினாய் புல்வெளிக்குப் போனபோது கதை மாறியது. அங்கே கறுப்பு மண், வேர் பின்னிய மண், வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் பசைபோல ஒட்டும். உழுபவர் பத்தடிக்கு ஒருமுறை நின்று மரக்கட்டையால் சுரண்ட வேண்டியிருந்தது. ஜான் லேன் 1833-ல் ரம்ப எஃகுத் துண்டுகளை மர இறக்கைமேல் அடித்து உழுதார். கிராண்ட் டெடூரில் கொல்லராக இருந்த ஜான் டியர் 1837-ல் உடைந்த ரம்பத்தை வைத்துத் தன் கலப்பையைச் செய்தார். ‘எஃகுக் கலப்பை’ என்று உலகமே சொல்லும் அதில் எஃகாக இருந்தது கொழு மட்டும்தான் என்று ஸ்மித்சோனியன் ஆய்வு ஒன்று காட்டியது. இறக்கை நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய தேனிரும்பு. கூரான எஃகுக் கொழு மண்ணைச் சுத்தமாக அறுத்துக் கொடுக்க, வழவழப்பான இறக்கையில் ஒட்டுவதற்கு இடமில்லாமல் மண் வழுக்கிப் போனது. எஃகைவிட மெருகுதான் வேலை செய்தது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். துருப்பிடித்த நல்ல எஃகு இறக்கை எதற்கும் உதவாது என்பது பழைய கலப்பை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் இரண்டு உலோகங்கள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்று ஜேம்ஸ் ஆலிவரின் குளிர்வார்ப்பு இரும்பு. இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் அவர் 1857-ல் காப்புரிமை பெற்றார். உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றாமல், இறக்கையின் முகப்புப் பக்கத்துக்கு உலோக அச்சை வைத்து ஊற்றினால் அந்தப் பக்கம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகிவிடும். ஆனால் உலோக அச்சு ரொம்பக் குளிர்ந்திருந்தால் அதில் ஈரம் படிந்து வார்ப்பில் கொப்புளம் விழும். அதனால் அச்சுக்குள் சுடுநீரை ஓடவிட்டார், குளிர வைக்க வேண்டிய இடத்தில் சுடுநீர்! இந்த இறக்கை மணலிலும் சரளையிலும் லேசில் தேயாது. ஆனால் கல்லில் பலமாக மோதினால் உடையும், ஒட்டும் கறுப்பு மண்ணிலோ சரியாக வழுக்காது.

அந்த ஒட்டும் மண்ணுக்கு விடை இன்னொரு உலோகம். ஜான் லேனின் மகன் 1868-ல் காப்புரிமை பெற்ற மூன்றடுக்கு எஃகு. வெளியே இரண்டு பக்கமும் கரி அதிகமுள்ள கடின எஃகு, நடுவில் மென்மையான எஃகு. வெளி அடுக்கைக் கடினப்படுத்தி மெருகேற்றலாம், உள் அடுக்கு வளைந்து கொடுப்பதால் உடையாது. பழைய கலப்பைப் பட்டியல்களில் ‘சாஃப்ட் சென்டர்’ என்று பெருமையாக அச்சடித்திருப்பது இதைத்தான். ஒரு கலப்பையை வாங்கும் முன் அதன் பாட்டம் குளிர்வார்ப்பா, மூன்றடுக்கு எஃகா என்று பார்க்காமல் வாங்குவது செருப்பு அளவு பார்க்காமல் வாங்குவது மாதிரி. கனமாக, முனையில் தடித்து, பின்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் வார்ப்பு. மெலிந்து, சுத்தியலால் தட்டினால் மணிபோல் ஒலித்தால் எஃகு.

சரி, டிராக்டருக்கு வருவோம்.

முதலில் வந்தவை நீராவி எஞ்சின்களும் ராட்சத கெரசின் டிராக்டர்களும்தான். அந்தக் காலத்துப் போட்டியெல்லாம் எத்தனை பாட்டம் இழுக்கலாம் என்பதில். 1911-ல் இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மூன்று ரம்லி ஆயில்புல் டிராக்டர்களைச் சேர்த்து 50 பாட்டம் ஆலிவர் கலப்பையை இழுத்துக் காட்டினார்கள். புகைப்படத்தைப் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாட்டமாகப் பார்த்தால் அதில் எந்தப் புதுமையும் இல்லை, குதிரைக் கலப்பையின் பாட்டமே ஐம்பது முறை திரும்ப வந்திருக்கிறது. கணக்கு வேறு மாதிரி மாறியதுதான் விஷயம். 12 அங்குலச் சாலாக ஒரு ஏக்கரை உழுது முடிக்க ஒருவர் 8¼ மைல் நடக்க வேண்டும். 14 அங்குலத்தில் இரண்டு பாட்டம் போட்டால் அது மூன்றரை மைலாகிவிடும், அதுவும் உட்கார்ந்துகொண்டு.

அதனால்தான் டிராக்டரின் சக்தியையே பாட்டத்தால் அளந்து விற்றார்கள். ‘இரண்டு கலப்பை டிராக்டர்’, ‘மூன்று கலப்பை டிராக்டர்’ என்றால் வாங்குபவருக்கு உடனே புரியும், குதிரைசக்தி எண்ணைச் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார். 14 அங்குலப் பாட்டம் இரண்டை ஓரளவு கெட்டியான நிலத்தில் இழுத்துக்கொண்டு போக முடியும் என்பதுதான் அந்த வாக்குறுதி. இன்றைக்கும் பழைய டிராக்டர்காரர்கள் பேசும்போது இந்த அளவுதான் வாயில் வரும்.

இந்தக் காலத்தில் நடந்த இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கலப்பைக் கம்பெனிகளும் டிராக்டர் கம்பெனிகளும் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. ஜான் டியரின் கம்பெனி 1918-ல் வாட்டர்லூ எஞ்சின் கம்பெனியை வாங்கி டிராக்டருக்குள் வந்தது. அடுத்த வருடமே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், இல்லினாயின் பார்லின் அண்ட் ஓரன்டார்ஃப் கலப்பைக் கம்பெனியை வாங்கியது. அதே 1919-ல் கேஸ் கம்பெனி கிராண்ட் டெடூர் கலப்பைக் கம்பெனியை வாங்கியது. 1929-ல் ஆலிவர் கலப்பைக் கம்பெனி, ஹார்ட்-பார் டிராக்டர் கம்பெனியோடு சேர்ந்தது. பத்தே வருடத்தில் இழுப்பதும் இழுக்கப்படுவதும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. இதற்கு முன் டிராக்டர் செய்பவருக்குப் பாட்டத்தைப் பற்றிக் கவலையில்லை, பாட்டம் செய்பவருக்கு அதை எது இழுக்கிறது என்பதும் முக்கியமில்லை. இப்போது சோதனை வயலில் இரண்டு பேரும் ஒன்றாக நிற்க வேண்டியதாயிற்று. ஆனாலும் 1920-களின் இழுவைக் கலப்பைகளில் கவனமெல்லாம் சட்டத்தில்தான் இருந்தது. கயிற்றை இழுத்தால் நிலச் சக்கரமே கலப்பையைத் தூக்கிவிடும் பொறிமுறை வந்தது, நல்ல தாங்கிகள் வந்தன, சரியான நெம்புகோல்கள் வந்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் மெக்கார்மிக் என்ற பெயரில் விற்ற ‘லிட்டில் ஜீனியஸ்’ கலப்பையை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் சட்டத்தையும் தூக்கும் பொறியையும் பார்த்து இன்றைக்கும் அசந்துபோகலாம், ஆனால் ஆரம்பகாலப் பாட்டங்கள் குதிரைக் காலத்தின் சொந்தக்காரர்கள்தான்.

ஏன் மாறவில்லை என்றால், மாற வேண்டிய தேவை இல்லை. இரும்புச் சக்கரம் போட்ட ஃபோர்ட்சன் டிராக்டர் வயலில் மணிக்கு இரண்டரை, மூன்று மைல் வேகத்தில்தான் ஊர்ந்தது. நல்ல குதிரை ஜோடியின் வேகமும் ஏறத்தாழ அதுதான். குதிரை வேகத்துக்குப் பழகிய வளைவு அப்படியே பொருந்தியது.

ஃபோர்ட்சனால் வந்த தொல்லை வேறு வகை. மண்ணுக்குள் கிடக்கும் பாறையிலோ வேரிலோ கொழு மாட்டிக்கொண்டால் கலப்பை நின்றுவிடும், எஞ்சின் நிற்காது, பின் அச்சைச் சுற்றி டிராக்டரே முன்பக்கம் எழும்பி ஓட்டுநர்மேல் கவிழும். பலர் செத்திருக்கிறார்கள். இழுவைக் கொக்கியில் மரத்துண்டு ஒன்றைச் செருகி வைப்பார்கள், பாரம் மீறினால் அது முறிந்து கலப்பை கழன்றுவிடும். அப்புறம் சுருள்வில் கொக்கிகள் வந்தன. அதற்கும் வெகுநாள் கழித்து, ஒவ்வொரு பாட்டமும் தனித்தனியாக மடங்கித் தப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. இதே கவலையை வேறு கோணத்தில் தீர்த்தவர் ஹாரி ஃபெர்குசன். கலப்பையை டிராக்டரின் பின்னால் இழுத்துக்கொண்டு போகாமல், மூன்று இணைப்புகளால் டிராக்டரோடு ஒன்றாக்கிவிட்டார். 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு அது வயலுக்கு வந்தபோது கலப்பைக்குச் சக்கரம் தேவையில்லை, நீண்ட சட்டமும் தேவையில்லை. பாட்டத்தின் எதிர்ப்பும் கலப்பையின் எடையும் பின் சக்கரங்களுக்கு அழுத்தமாகப் போய்ச் சேர்ந்தன. சக்கரமில்லாத கலப்பையில் பக்கவாட்டு விசையைப் பக்கத் தகடுதானே தாங்க வேண்டும், அதனால் கடைசிப் பாட்டத்தின் பக்கத் தகட்டை மட்டும் நீளமாக வைத்தார்கள். பழைய இரண்டு பாட்டம் ஃபெர்குசன் கலப்பையைப் பார்க்கும்போது முன் பாட்டத்துக்குக் குட்டைத் தகடும் பின் பாட்டத்துக்கு நீளத் தகடும் இருந்தால், யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது வேகத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1932-ல் அலிஸ்-சால்மர்ஸ் தன் மாடல் யூ டிராக்டரைக் காற்றடைத்த ரப்பர் டயரில் விற்க ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ரப்பர் டயர் சாதாரணமாகிவிட்டது. உழவு வேகம் நான்கு, ஐந்து மைலுக்கு ஏறியது. உடனே பழைய பாட்டங்களின் சாயம் வெளுத்தது. செங்குத்தாக எழுந்து சட்டென்று வளையும் இறக்கை, மெதுவாகப் போகும்போது மண்ணை அழகாக உடைத்துக் கவிழ்க்கும். அதையே வேகமாக இழுத்தால் மண்ணைப் புரட்டாது, வீசி எறியும். மண் பக்கத்துச் சாலைத் தாண்டிப் போய் விழும், உழுத நிலம் மேடும் பள்ளமுமாகிவிடும், தழையும் தாளும் மூடாமல் மேலேயே கிடக்கும். எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும்.

எவ்வளவு கூடும் என்பதற்குப் பிற்காலத்தில் அமெரிக்க வேளாண் பொறியாளர்களின் தரநிலைச் சூத்திரம் ஒன்று வந்தது. இறக்கைக் கலப்பைக்கு அதில் ஒரு நிலையான பகுதி உண்டு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் பகுதி ஒன்றும் உண்டு. மணிக்கு 4 கிலோமீட்டரிலிருந்து 8 கிலோமீட்டருக்குப் போனால் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று கணக்கு வருகிறது. கேட்க அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதே நேரத்தில் வேகமும் இரட்டிப்பாகிறது என்பதால் எஞ்சினிலிருந்து தேவைப்படும் சக்தி இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும். வேலை இரண்டு மடங்கு நடக்கும், சக்தி இரண்டரை மடங்குக்கு மேல். அந்த உபரி எல்லாம் மண்ணை வீசி எறிவதில் வீணாகிறது.

தீர்வு, இறக்கையை நீட்டி வளைவைத் தணிப்பது. மண் மெதுவாக ஏறி, மெதுவாக முறுக்கிக்கொண்டு, தன் இடத்தில் விழ வேண்டும். 1940-களிலும் 50-களிலும் வந்த ‘ஹை ஸ்பீட்’ பாட்டங்களைப் பழைய குட்டைப் பாட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்பாதி பின்னோக்கிப் படுத்திருக்கும், வால் நீண்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே 14 அங்குல அகலம்தான், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வேறு வேறு கருவிகள். இதைக் கண்ணளவில் செய்யவில்லை என்பதுதான் அந்தக் காலத்தின் சிறப்பு. இ. ஏ. ஒயிட் என்ற பொறியாளர் 1918-லேயே பல பாட்டங்களின் பரப்பை அளந்து, அவற்றைக் கணிதச் சமன்பாடுகளில் எழுதிவிடலாம் என்று காட்டியிருந்தார். அலபாமா மாநிலம் ஆபர்னில் எம். எல். நிக்கல்ஸ், உலோகத்தின்மேல் மண் எப்படி வழுக்குகிறது, எப்போது ஒட்டுகிறது, எந்தக் கோணத்தில் வெட்டுப்படுகிறது என்று மண்ணையே ஒரு பொருளாக எடுத்து ஆராய்ந்தார். 1930-களில் அங்கே அரசு ஓர் ஆய்வகம் கட்டியது. நீளமான தொட்டிகளில் வெவ்வேறு மண்ணை நிரப்பி, ஒரே பாட்டத்தை எல்லாவற்றிலும் இழுத்துப் பார்க்கலாம். ஜெஃபர்சன் மரத்தில் கோடு போட்டு ஆரம்பித்த வேலை அங்கே போய்ச் சேர்ந்தது.

பூச்சி ஒன்றும் இதில் கை வைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1920-களில் ஐரோப்பிய மக்காச்சோளத் தண்டுத் துளைப்பான் அமெரிக்க மக்காச்சோள வயல்களில் பரவியபோது, தட்டைகளை ஒன்று விடாமல் மண்ணுக்குள் புதைக்க வேண்டும் என்று அரசே வற்புறுத்தியது, 1927-ல் அதற்கென்று ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. தட்டையைப் புதைக்க வேண்டுமென்றால் பாட்டம் அகலமாக வேண்டும், சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே நிறைய இடம் வேண்டும். 16, 18 அங்குலப் பாட்டங்களுக்கும், முன்னால் தழையை அறுக்கும் வட்டத் தகட்டுக்கும், குட்டிக் கலப்பைபோல் மேல்மண்ணைச் சீவித் தள்ளும் ஜாயின்டருக்கும் மவுசு கூடியது.

கடைசியாகக் கொழு. பாட்டத்தின் வரலாற்றில் பெரிய மாற்றம் எது என்று என்னைக் கேட்டால் இறக்கையைச் சொல்ல மாட்டேன், கொழுவைத்தான் சொல்வேன்.

கொழு மண்ணுக்குள் தானாக இறங்க வேண்டும். அதற்காக அதன் முனை கொஞ்சம் கீழ்நோக்கியும், கொஞ்சம் உழாத பக்கம் நோக்கியும் இருக்கும். பாட்டத்தைக் கழற்றிக் கவிழ்த்து, கொழு முனையிலிருந்து பக்கத் தகட்டின் குதிகால்வரை ஒரு நேர்க்கோலை வைத்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். எட்டில் ஒரு பங்கு அங்குலத்திலிருந்து கால் அங்குலத்துக்குள் இருக்கலாம். இந்தச் சின்ன இடைவெளி இல்லாவிட்டால் ஆயிரம் டாலர் கலப்பையும் மண்மேல் சறுக்கிக்கொண்டு போகும். மேலே எடை ஏற்றிப் பார்ப்பார்கள், நெம்புகோலைத் திருகுவார்கள், டிராக்டரைத் திட்டுவார்கள், கோளாறு என்னவோ அந்த இடைவெளியில் இருக்கும். முனை தேயத் தேய அது குறைந்துகொண்டே வரும். அதைத் திரும்பக் கொண்டுவருவது கொல்லரின் கைவேலை. கொழுவின் விளிம்பை மட்டும் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் நீட்டி, முனையைச் சரியான அளவுக்குக் கீழே வளைத்து, பக்கவாட்டிலும் அளவு பார்த்து, மூன்றடுக்கு எஃகாக இருந்தால் திரும்பவும் தண்ணீரில் தோய்த்துக் கடினப்படுத்த வேண்டும். தோய்க்கும்போது கோணிக்கொள்ளும், அதையும் நிமிர்த்த வேண்டும். குதிரையோடு ஒரு நாளில் ஓரிரு ஏக்கர் உழுத காலத்தில் இது தாங்கியது. டிராக்டர் ஒரே நாளில் எட்டு, ஒன்பது ஏக்கர் உழ ஆரம்பித்ததும் இரண்டு மூன்று கொழுக்களை ஒன்றாகத் தேய்த்துத் தள்ளியது. உழவுப் பருவத்தில் கொல்லர் பட்டறை வாசலில் கொழுக்கள் குவிந்து கிடக்கும், உழவர் காத்திருப்பார், டிராக்டர் வயலில் சும்மா நிற்கும். அதே நேரத்தில் பட்டறைகளும் குறைந்துகொண்டே வந்தன.

ஆகவே தேய்ந்தால் கழற்றி எறிந்துவிடும் கொழு வந்தது. உருட்டி எடுத்த எஃகுப் பட்டை, குறுகலானது, விலை மலிவு, இரண்டு மூன்று போல்ட்டில் மாட்டிவிடலாம். அதற்கான சரிவும் கோணமும் ஃபிராக்கிலும் அதன் முகப்பிலும் ஏற்கெனவே வார்த்திருக்கும், வயல் வரப்பில் நின்று ஒரு ஸ்பானரால் மாற்றிக்கொள்ளலாம். 1940-களில் ஆலிவர் ‘ரேடெக்ஸ்’ என்ற பெயரில் இதைப் பிரபலப்படுத்தியது, மற்றவர்களும் தங்கள் பெயரில் இதே வழிக்கு வந்தார்கள். விளம்பரங்கள் இதைப் புரட்சி என்றன. எனக்குக் கொஞ்சம் சிரிப்புதான், ஏனென்றால் குளிர்வார்ப்புக் கொழுவைக் கிழக்கில் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள், அதை யாரும் காய்ச்சித் தட்ட முடியாது. புதிதாக வந்தது எஃகிலும் அதையே செய்யலாம் என்ற துணிச்சல். ஆனால் அதன் விளைவு பெரிது. கொல்லரின் கையிலிருந்த அளவு, கம்பெனியின் வார்ப்புக்குள் போய்விட்டது. அதுவரை ஒரே மாடல் கலப்பை ஊருக்கு ஊர் வேறு மாதிரி உழுதது, அந்த ஊர்க் கொல்லரைப் பொறுத்து. அதன்பின் எல்லாம் ஒரே மாதிரி.

பட்டறையில் மிச்சமிருந்தவர்கள் வெல்டிங்குக்கு மாறினார்கள். கொழுவின் விளிம்பில் கடின உலோகக் கலவையை உருக்கிப் பூசினால் ஆயுள் நீளும். இரண்டு பக்கமும் பூசக் கூடாது, ஒரு பக்கம் மட்டும், அப்போதுதான் மறுபக்கம் தேய்ந்து விளிம்பு கூராகவே இருக்கும். 1803-ல் இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் ராபர்ட் ரான்சம் காப்புரிமை பெற்ற கொழுவின் சூட்சுமமும் இதுதான். கொழுவின் அடிப்பக்கத்தை மட்டும் இரும்பு அச்சில் குளிரவைத்துக் கடினமாக்கினார். மேல்பக்கம் வேகமாகத் தேய, அடிப்பக்க விளிம்பு தானே கூர்மையாகிக்கொண்டது.

இந்தக் கலப்பைகளில் ஒன்றை வாங்கி உழ ஆசைப்படுபவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். பாட்டத்தின் பின்பக்கம் துருவைச் சுரண்டினால் வார்ப்பு எண்ணோ அடித்த எண்ணோ இருக்கும். பெயின்டின் நிறத்தை நம்பாதீர்கள், அந்த எண்ணை நம்புங்கள், ஏனென்றால் எழுபது வருடத்தில் எந்தச் சட்டத்தில் எந்தப் பாட்டம் ஏறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெவ்வேறு வளைவுள்ள இரண்டு பாட்டங்கள் ஒரே கலப்பையில் இருந்தால் ஒரு சால் உயர்ந்தும் ஒரு சால் தாழ்ந்தும் விழும், எந்த நெம்புகோலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கொழுப் போல்ட்டின் தலை மேலே தட்டையாக இருக்கும், அதன் கீழ்க் கழுத்து சதுரம், அந்தச் சதுரம்தான் சுழலாமல் பிடிக்கிறது. தேய்ந்துபோன கலப்பையில் சதுரமும் தேய்ந்து, நட்டைத் திருகினால் போல்ட்டும் கூடவே சுற்றும். அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல் நட்டை அறுத்து எறிந்துவிட்டுப் புது போல்ட் போடுவது மேல், விலை சொற்பம். இறக்கையில் மேலோட்டமான துரு என்றால் கிரைண்டரில் லேசாகத் தேய்த்துவிட்டு, முதலில் மணல் கலந்த நிலத்தில் சில சால் ஓட்டுங்கள், மண்ணே மெருகேற்றிவிடும். குழி விழுந்த துரு என்றால் அந்த இறக்கை ஒட்டும் மண்ணில் இனி ஒருபோதும் வழுக்காது, சுவரில் மாட்டி வைக்கலாம். வேலை முடிந்த அன்றே, மறுநாள் அல்ல, அன்றே, கிரீஸையோ பழைய எண்ணெயையோ பூசிவிட வேண்டும், ஒரே இரவுப் பனி போதும் ஒரு பருவத்தின் மெருகைத் தின்ன.

எந்தப் பாட்டம் வாங்கலாம் என்று கேட்டால், நீங்கள் எவ்வளவு வேகத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். ரப்பர் டயர் போட்ட டிராக்டரில் நான்கு மைலுக்கு மேல் போவீர்கள் என்றால் 1950-களின் நீண்ட பாட்டம், தேய்ந்தால் கழற்றி எறியும் கொழுவோடு. உழவுப் போட்டிகளின் விண்டேஜ் பிரிவில் ஆசை என்றால் அது வேறு உலகம். அங்கே பிரிட்டிஷ்காரர்கள் இன்னமும் ரான்சம்ஸ் கம்பெனியின் நீண்ட, மென்மையான முறுக்குள்ள இறக்கைகளைத் தேடி அலைகிறார்கள், மண் பாளம் உடையாமல் கயிறு முறுக்கியதுபோல் ஒரே நீளத்துக்குக் கவிழ வேண்டும் என்பதற்காக. உலக உழவுப் போட்டி 1953-ல் கனடாவின் கோபர்க்கில் தொடங்கியது, அந்த ரசனைக்கு அதைவிட வயது அதிகம். இரும்புச் சக்கரத்தோடு மெதுவாக ஊர்ந்து போவதில்தான் சுகம் என்றால், குட்டையான பழைய பாட்டத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அந்த வேகத்தில் அதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு விஷயம் மட்டும், பக்கத்தில் கொழு தட்டத் தெரிந்த கொல்லர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துவிடுங்கள், கலப்பையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.